முதல் துப்பாக்கி யாருடைய மரபு?

மெலிந்த உடல்வாகு கொண்ட பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, மான் வேட்டைக்கான முதல் ரைபிளாக எதைத் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்வியை ஆனேக்கல்லில் எழுப்பினால் சட்டம் தரும் விடை மிகச் சுருக்கமானது: எதையும் தேர்ந்தெடுக்க இயலாது. ஆனால் விவாதம் அத்தோடு முடிவதில்லை. 'வேட்டை ஒரு மரபு. அதைச் சட்டம் அழித்துவிட்டது', 'அந்தக் காலத்தில் பத்து வயதிலேயே பிள்ளைகள் துப்பாக்கி பிடித்தார்கள்' என்ற ஏக்கக் குரல்கள் எழுகின்றன. இக்குரல்கள் காட்டோரக் குடிசைகளிலிருந்து வருவதில்லை. ஆங்கில வேட்டை நூல்கள் அடுக்கப்பட்ட அலமாரிகளின் பக்கமிருந்தும், கருத்தரங்க மேடைகளிலிருந்தும் வருகின்றன. ஆகவே ஒன்றைக் கேட்டாக வேண்டும்: அழிந்துவிட்டதாகச் சொல்லப்படும் அந்த மரபு யாருடையது?

முதலில் கேள்விக்கு உரிய நியாயத்தை வழங்கிவிடலாம். அது பிறந்த மண்ணில் அது அறிவற்ற கேள்வி அன்று. வட அமெரிக்காவில் வெண்வால் மான் ஏராளம். வேட்டைக்குப் பருவம் உண்டு, உரிமம் உண்டு, எத்தனை மான் என்ற வரம்பு உண்டு, இளையோருக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடும் சட்டம் அங்கே 1937ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அந்த அமைப்புக்குள் தந்தையோ தாயோ இக்கேள்வியைக் கேட்கும்போது, அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் கவலைதான்.

அக்கவலையின் இயற்பியல் எளிது. தோட்டா முன்னே பாயும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .30-06 தோட்டா தரும் உதைப்பு ஆற்றலில் ஏறத்தாழப் பாதியைத்தான் .243 வின்செஸ்டர் தரும். 1955இல் விற்பனைக்கு வந்த அந்தத் தோட்டா இளையோருக்குப் பரிந்துரைக்கப்படுவதன் காரணம் அதுவே. சிறிய உடலுக்கு எடை குறைந்த துப்பாக்கி நல்லது என்று நினைப்பவர் ஒரு முரணில் சிக்குகிறார்: அதே தோட்டாவுக்குத் துப்பாக்கி இலேசாக ஆக உதைப்பு கூடும். அடிக்கட்டை நீளமாக இருந்தால் சிறுவனின் கை விசையை எட்டாது. உடலைப் பின்னுக்கு வளைத்து நிற்பான். உதைப்பைத் தோள் சரியாக வாங்காது. இரண்டு மூன்று முறை வலித்தபின், விசையை அழுத்தும் கணத்துக்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும். குறி நெஞ்சுக்கூட்டிலிருந்து நழுவி வயிற்றில் பாயும். மான் உடனே சாகாது. குடலில் குண்டோடு ஓடிப் புதரில் கிடந்து மணிக்கணக்கில் சாகும்.

ஆக, தோளுக்கு ஏற்ற துப்பாக்கி என்பது விலங்கு வதைபடாமல் இறப்பதற்கான ஏற்பாடு. கேள்வியின் இந்த அறத்தை மதிக்கலாம். அதற்காகக் கேள்வியை அப்படியே இறக்குமதி செய்துகொள்ள வேண்டியதில்லை. ஏனெனில் கேள்வியோடு ஒரு சொல்லாட்சியும் சேர்ந்து இறங்குகிறது. அங்குள்ள வேட்டை வழக்கில் மானைக் கொன்றதாகச் சொல்வதைவிட 'அறுவடை' செய்ததாகச் சொல்வது பெருகியிருக்கிறது. மொழியியல் பயில்வோர்க்கு இடக்கரடக்கல் புதிதன்று. ஆனாலும் தமிழில் அறுவடை என்ற சொல்லைக் கேட்டதும் எழும் கேள்வி ஒன்றே: விதைத்தவர் யார்? ஆனேக்கல் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைக்கு விதைத்தவர் உண்டு. அங்கே இரவில் வந்து மேயும் புள்ளிமானை எவரும் விதைக்கவில்லை. விதைக்காத ஒன்றை அறுப்பதற்குத் தமிழில் வேறு சொற்கள் உள்ளன. அவை கேட்பதற்கு இவ்வளவு இனிமையானவை அல்ல.

இனி ஆனேக்கல்லுக்கு வருவோம். பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டம் இது. பன்னேருகட்டா தேசியப் பூங்காவின் வனச்சரகங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கியிருக்கிறது. அக்காடு தெற்கே தளி, ஜவளகிரிக் காடுகளோடு தொடர்ந்து, தமிழ்நாட்டின் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் வரை நீள்கிறது. புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகிய மூன்றும் இக்காட்டில் உண்டு. கன்னடத்தில் கடவெ என்றும் தமிழில் கடமை, கடமான் என்றும் வழங்குவது ஒரே விலங்கை. எல்லைக்கோடு பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இரு மொழிகளும் பகிர்ந்துகொண்ட வேர் அது.

இம்மானைச் சுடுவது குற்றம் என்பது எல்லோரும் அறிந்தது. எப்போதிலிருந்து, எந்த அளவுக்கு என்பதில்தான் கல்வியாளர்களே தடுமாறுகின்றனர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்த அன்றே வேட்டை முழுதும் நின்றுவிடவில்லை. அதன் முதல் வடிவில், சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த உரிமக் கதவை அடைத்தது. வேட்டை என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையும் அகராதிப் பொருளைவிட அகலமானது: கொல்வது மட்டுமின்றி, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறியில் சிக்கவைப்பது, விரட்டுவது, இரை வைத்து ஈர்ப்பது, இவற்றுக்கான முயற்சி ஆகிய யாவும் வேட்டையே. எனவே குறி தப்பினாலும் குற்றம் தப்பாது. தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடியது உறுதியானால் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, கூடியது 7 ஆண்டுச் சிறை.

துப்பாக்கியின் பக்கம் படைக்கலச் சட்டம், 1959 நிற்கிறது. 21 வயது நிறையாதவர் சுடுகலன் வைத்திருக்க அது தடை விதிக்கிறது. அவருக்கு விற்பதையும் கைமாற்றுவதையும் தடுக்கிறது. விதிகளுக்கு உட்பட்ட பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. காற்றுத் துப்பாக்கி கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்பார் உண்டு. எளிதாகக் கிடைப்பது கருவி. மான்மேல் நீட்டும் உரிமை அதனோடு சேர்த்து விற்கப்படுவதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துக் காட்டோரம் அனுப்பும் பெரியவர், பிள்ளையைச் சிறார் நீதி வாரியத்தின் முன்னும் தம்மை நீதிமன்றத்தின் முன்னும் நிறுத்துவதற்கான வழியைத் திறந்துவிடுகிறார்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கையில் ஏக்கம் எங்கிருந்து ஊறுகிறது? நூல்களிலிருந்து. ஆனேக்கல்லுக்குத் தெற்கே உள்ள தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் ஆங்கில வேட்டை இலக்கியத்தில் அழியா இடம் பெற்றவை. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) 1954இல் தொடங்கி எழுதிய நூல்களில் கும்மளாபுரமும் சிவனிப்பள்ளியும் உலகெங்கும் வாசிக்கப்பட்டன. அவர் கையிலிருந்த .405 வின்செஸ்டர் உதைப்புக்குப் பேர்போனது. வடக்கே ஜிம் கார்பெட் தம் 'ஜங்கிள் லோர்' நூலில், ஒரு குழல் பிளந்துபோன பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு சிறுவனாகக் காட்டில் அலைந்ததையும், பின்னர் பள்ளி மாணவர் படையின் .450 ரைபிள் கைக்கு வந்ததையும் நினைவுகூர்கிறார். கூச் பிகார் இளவரசியாகப் பிறந்த காயத்ரி தேவி தம் முதல் சிறுத்தையைச் சுட்டது 12 வயதில். முதல் துப்பாக்கி என்பது இந்நூல்களில் ஏறக்குறைய ஒரு சடங்கு. பூணூல், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு போல அது ஒருவரை ஒரு வகுப்புக்குள் சேர்க்கிறது.

எந்த வகுப்பு? 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்கும் விலக்கு அளித்தது. சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்துக்குள் அன்று இருந்த தளிக் காட்டில், உழவன் மகன் ஒருவன் துப்பாக்கியைத் தொடுவதும் துரை மகன் தொடுவதும் சட்டத்தின் பார்வையில் இருவேறு செயல்கள். துரை மகனுக்குத் துப்பாக்கி தோளுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. உழவன் மகனுக்கு அந்தத் தோளே பொருந்தாது என்பதுதான் விடை. 'எந்தத் துப்பாக்கி?' என்ற கேள்வியைக் கேட்க முடிவதே ஒரு சலுகையாக இருந்தது. பின்னாளில் விலக்குகள் நீங்கின. ஆனால் அந்தச் சலுகையின் நினைவு மட்டும் 'மரபு' என்னும் பெயரில் அச்சேறி, இன்றும் மறுபதிப்புக் காண்கிறது.

அதே காட்டின் விளிம்பில் மற்றொரு சிறுவனும் இருந்தான். அவன் கையில் வலை இருந்தது. பன்னேருகட்டாவை ஒட்டி இன்றும் ஹக்கி பிக்கி மக்களின் குடியிருப்பு உள்ளது. 'பறவை பிடிப்போர்' என்ற பொருளில் கன்னடத்தார் இட்ட பெயர் அது. அவர்கள் தமக்குள் பேசுவது வாக்ரி போலி. கன்னடமும் தமிழும் தெலுங்கும் சூழ்ந்த மண்ணில், குசராத்தியோடு உறவுடைய ஓர் இந்தோ-ஆரிய மொழி. தமிழ்நாட்டில் நரிக்குறவர் என்று அழைக்கப்படுவோரின் மொழியும் அதுவே. அம்மக்களின் பிள்ளைகளும் தந்தையரிடமிருந்து முதல் கருவியைப் பெற்றார்கள். சிறிய கைக்கு ஏற்ற வலை எது, எந்தப் பறவைக்கு எந்த ஒலி, காற்று எத்திசையில் அடித்தால் எங்கே ஒளிவது என்று கற்றார்கள். அக்கல்வியை எந்தப் பதிப்பகமும் நினைவுக் குறிப்பாக வெளியிட்டுக் கொண்டாடவில்லை. கண்ணியும் வலையும் சட்டத்தின் வேட்டை வரையறைக்குள் வந்த நாளில், பறவை பிடிப்போர் என்ற அவர்களின் பெயரே முதல் தகவல் அறிக்கையாகிவிட்டது.

இதிலுள்ள கசப்பை ஒரு சொல்லே காட்டிவிடும். காட்டுயிர்கள் அட்டவணைகளில் உள்ளன. கர்நாடகத்தில் ஹக்கி பிக்கியினர் அட்டவணைப் பழங்குடியினர். மானும் மனிதரும் ஒரே அரசின் இரு அட்டவணைகளில், பாதுகாக்கப்பட வேண்டியவை என்ற ஒரே காரணத்தால் இடம்பெற்றனர். மானுக்குக் காடு கிடைத்தது. வாழ்முறையை இழந்த மனிதர்களோ ஊர் ஊராகச் சென்று மூலிகை எண்ணெய் விற்கலானார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது அங்கே சிக்கிக்கொண்ட இந்தியருள் கர்நாடகத்து ஹக்கி பிக்கியினரும் இருந்தனர் என்ற செய்தியைப் பலர் வியப்போடு வாசித்தார்கள். பன்னேருகட்டாவிலிருந்து சூடான் வரை ஒரு சமூகத்தை நடக்கவைத்த காரணங்களுள் காட்டின் கதவு சாத்தப்பட்டதும் ஒன்று. அதற்காக ஏங்கிக் கட்டுரை எழுதியோர் எத்தனை பேர்?

இங்கே மறுப்புகள் எழும். அவற்றை எதிர்கொள்ளாமல் நகர்வது நேர்மையாகாது.

முதல் மறுப்பு: வேட்டையாடியவர்களே பின்னர் காட்டைக் காத்தார்கள், கார்பெட்டின் பெயரில் தேசியப் பூங்காவே இருக்கிறது. உண்மை. ஆனால் அவர் போற்றப்படுவது துப்பாக்கியைக் கைவிட்டு நிழற்படக் கருவியை எடுத்ததாலும் சேர்த்துத்தான். கைவிட்டதன் பெருமையைப் பற்றியிருந்ததற்குச் சான்றாகக் காட்டுவது விசித்திரமான தருக்கம். மேலும், துப்பாக்கி பிடித்தவருக்கு மனமாற்றத்துக்கான வாய்ப்பும், அதைக் கதையாகச் சொல்ல மொழியும், வாசிக்க உலகமும் கிடைத்தன. வலை பிடித்தவருக்குக் கிடைத்தது வழக்கு.

இரண்டாம் மறுப்பு: துப்பாக்கி பண்பாட்டின் அங்கம், கொடகைப் பாருங்கள். பார்க்கலாம். கொடவர்களுக்குப் படைக்கல உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அதை உறுதிப்படுத்தியது. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கிச் சுடுவதும், கைல்போது விழாவில் ஆயுதங்களைப் பூசிப்பதும் அங்குள்ள வழக்கம். ஆயினும் கொடகிலும் மானைச் சுடுதல் குற்றமே. துப்பாக்கியைப் பண்பாடாகக் கொண்ட சமூகமே வேட்டையின்றி அப்பண்பாட்டைத் தொடர இயலுமெனில், ஆனேக்கல்லில் எந்தப் பண்பாடு மானின் குருதியின்றி வாடிப்போகும்? கொடகு எடுத்துக்காட்டு, மறுப்போர் சொல்ல வந்ததற்கு நேரெதிரானதையே மெய்ப்பிக்கிறது.

மூன்றாம் மறுப்புதான் வலுவானது: பயிர். காட்டோரக் கொல்லையில் யானை மிதித்ததும் பன்றி கிளறியதும் மான் மேய்ந்ததும் நகரத்தின் காட்டுயிர் அன்பர்க்குப் புள்ளிவிவரம். உழவர்க்கு அந்த ஆண்டின் சோறு. இந்த வலியைக் கேலி செய்யும் எந்தப் பாதுகாப்புவாதமும் ஏற்கத்தக்கதன்று. ஆனால் இதற்கான வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பயிருக்கும் உடைமைக்கும் கேடு விளைக்கும் சில வகை விலங்குகளைக் குறித்து, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் ஆணையிட 11ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த வழி தாமதமானது என்றால் போராட்டம் அதை விரைவுபடுத்த நடக்கட்டும். இழப்பீட்டை உயர்த்த நடக்கட்டும். உழவரின் துயரத்தை முன்னே நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் நகரத்துப் பிள்ளையின் வாரயிறுதி வேட்டைக்கு அனுமதி கேட்பது உழவரை இரண்டாம் முறை சுரண்டுவதாகும். கொல்லையைக் காக்கும் பொறுப்பு எந்த நாட்டிலும் பதினான்கு வயதுத் தோள்மீது வைக்கத்தக்கதன்று.

இனிக் கல்வியுலகம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. ஆண்டர்சனையும் கார்பெட்டையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்வது இப்பதிவின் நோக்கமன்று. காட்டைக் கூர்ந்து நோக்கிய கண்கள் அவை, உரைநடையும் நல்லது. வேண்டுவது, அவற்றோடு 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒரே வகுப்பில் வைத்து வாசிப்பது. அக்கதைகளில் மரத்தில் பரண் கட்டியவர், தடம் காட்டியவர், இரைக்கு மாடு தந்தவர் ஆகியோர் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்களின் அறிவின்றி ஒரு வேட்டையும் நிறைவேறியிராது. நூலின் அட்டையில் இருப்பது ஒரு பெயர்தான்.

மொழித்துறைகளுக்கு இன்னும் நெருக்கமான கடமை ஒன்று உண்டு. ஆண் மானுக்குக் கலை, பெண் மானுக்குப் பிணை, குட்டிக்கு மறி எனத் தமிழ் பெயர் வகுத்தது. தொல்காப்பியத்தின் மரபியல் இத்தகைய பெயர்களுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது. விலங்கை நாள்தோறும் பின்தொடர்ந்த வேட்டுவர், ஆயர், குறவர் ஆகியோரின் கண் இல்லாமல் அச்சொற்கள் பிறந்திரா. அதைப் போன்ற ஒரு சொற்களஞ்சியம் வாக்ரி போலி பேசும் முதியோரின் நாவில் இன்றும் இருக்கிறது. பறவைகளின் பெயர்கள், அழைப்பொலிகள், வலைமுடிச்சுகளின் பெயர்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யச் செல்லும் ஆய்வாளர், அவர்களை ஒப்புதல் வாக்குமூலம் தரும் குற்றவாளிகளாக அன்றி, ஆசிரியர்களாக அணுக வேண்டும். தொழில் சட்டவிரோதமானதால் அத்தொழிலின் அறிவும் சட்டவிரோதமாகிவிடாது. வேட்டை மரபு காக்கப்பட வேண்டும் என்று உண்மையாகவே கருதுவோர் செய்யத்தக்க வேலை இதுதான். இதற்கு ஒரு மானும் சாக வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது அந்தச் சிறிய தோளுடைய பிள்ளை. குறிபார்க்கும் ஆசை இழிவானதன்று. மூச்சை அடக்கி, உடலை அசையாமல் நிறுத்தி, விசையைத் தயங்காமல் அழுத்தக் கற்பது நல்ல ஒழுக்கம். அதற்கு இடம் 10 மீட்டர் காற்று ரைபிள் அரங்கு. அங்கே குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர். துப்பாக்கியின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். அடிக்கட்டையின் நீளம், கன்னம் பதியும் பலகையின் உயரம் ஆகியவற்றை உடலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். வேட்டை ரைபிளைத் தேர்ந்தெடுக்கையில் தந்தை எதை எதையெல்லாம் அஞ்சினாரோ, அவை யாவற்றுக்கும் இங்கே விடை இருக்கிறது. பெருத்த உடல் இங்கே ஒரு தகுதியே அன்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றது இப்பிரிவில்தான். எந்த மானையும் சுடாமல், எந்தச் சலுகையையும் மரபென்று பெயரிடாமல், ஒரு துப்பாக்கியோடு அடையக்கூடிய உயரம் அது.

கேள்வி உண்மையிலேயே பிள்ளையின் தோளைப் பற்றியது என்றால் விடை அந்த அரங்கில் கிடைக்கிறது. அரங்கைக் காட்டிய பிறகும் 'ஆனாலும் மான்...' என்று இழுப்பவருக்குக் கவலை தோளைப் பற்றியதாக ஒருபோதும் இருந்ததில்லை. துரை மகன் நின்ற இடத்தில் தம் மகன் நிற்க வேண்டும் என்பதே அவரது ஆசை. அந்த இடத்துக்கு அப்போது வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் யார் என்பதை மறந்தால் மட்டுமே அந்த ஆசையை மரபு என்று அழைக்க முடியும்.